யவனர் தெருவில் ஐந்து நாள்

மே 1, 2024, புதன்

தங்கை டொரண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், ஒரு வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கிறாள். மேலே வீட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்த கையோடு மதுரையிலிருந்து கிளம்பி வந்தேன். அங்கே 40 டிகிரி, இங்கே 11. வந்த மூன்று நாளும் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. தங்கையும் மாப்பிள்ளையும் காலை ஏழுக்கு வேலைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார்கள். சனிக்கிழமை நயாகரா என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை எங்கே போகலாம் என்று மேல் வீட்டு அண்ணையிடம் கேட்டேன்.

"டான்ஃபோர்த்துக்குப் போங்கோ தங்கச்சி. கிரேக்கச் சனத்தின்ர தெரு. இந்தக் கிழமை அவையளுக்குப் பெரிய கிழமை."

ஈஸ்டர் மார்ச் 31லேயே முடிந்துவிட்டதே என்றேன். கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் சபை பழைய நாள்காட்டியை வைத்துத்தான் ஈஸ்டரைக் கணக்கிடுகிறது, அதனால் இந்த வருடம் மே 5 என்று அண்ணை விளக்கினார். இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"நான் எண்பத்தெட்டில வந்தனான். வந்த ரெண்டாம் கிழமையே டான்ஃபோர்த்தில கோப்பை கழுவப் போயிட்டன். முதலாளி நாள் முழுக்க 'கிரிகோரா, கிரிகோரா' எண்டு கத்துவார். கெதியா செய் எண்டு அர்த்தம். நான் அதை இங்கிலிஷ் எண்டுதான் நினைச்சனான்."

கழுவும் தொட்டியில் தொடங்கி அடுப்புக்கு நகர்ந்து பதினாறு வருடம் அதே சமையலறையில் இருந்திருக்கிறார். இந்த ஊர் உணவகங்களில் உள்ளே நின்று சமைத்தவர்களில் எத்தனையோ பேர் ஈழத்தமிழர்கள். வெளியே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

பஸ், அப்புறம் ரயில். பேப் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் அகலமான தெரு, இரண்டு பக்கமும் இரண்டு மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். கீழே கடை, மேலே வீடு. தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு கிரேக்க எழுத்தும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் கோணங்களுக்குப் போட்ட அந்த எழுத்துகளை ஒரு தெருவின் பெயராகப் பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் கிரேக்கர்களைத் தேடினால் சட்டென்று கிடைக்கவில்லை. யோகா வகுப்பு, சுஷி, வங்கி, பபிள் டீ, இரண்டு கஞ்சாக் கடை. கனடாவில் 2018 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது, கண்ணாடி ஜன்னலும் அழகான விளக்குமாக நகைக்கடை போல இருக்கிறது. நடுநடுவே நீலமும் வெள்ளையும் பூசிய உணவகங்கள். இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

லோகன் அவென்யூ முனையில் ஒரு சின்னப் பூங்கா. நடுவில் நீரூற்று, அருகே அலெக்சாண்டர் சிலை. நமக்குப் பாடப் புத்தகத்தில் போரஸோடு சண்டை போட்டவன், இவர்களுக்குச் சொந்த ஊர்க்காரன். 2018 ஜூலை 22, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இந்தத் தெருவில் நடந்துபோனவர்களையும் உணவகங்களில் இருந்தவர்களையும் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 10 வயதுச் சிறுமி ஒருத்தியும் 18 வயதுப் பெண் ஒருத்தியும் இறந்துபோனார்கள். 13 பேருக்குக் காயம். ஊர் முழுக்க இந்த நீரூற்றுக்குத்தான் பூக்களைக் கொண்டுவந்து குவித்தது. இன்று இரண்டு குழந்தைகள் அதன் விளிம்பில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பசித்தது. ஒரு அடுமனையில் நுழைந்து கீரை அடைத்த பஃப்ஸ் மாதிரியான ஸ்பனகோப்பிதா கேட்டேன். கல்லாவில் இருந்த பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நோன்பா?" என்றார். நோன்புக்காரர்களுக்குச் சீஸ் சேர்க்காததும் இருக்கிறதாம். இல்லை என்றதும் சீஸ் வைத்ததை எடுத்துச் சூடாக்கித் தந்தார். ஐந்தரை டாலர், நம் பணத்தில் முந்நூற்று முப்பது ரூபாய்க்கு மேல். மேலே அப்பளம் போல நொறுங்கும் ஏடுகள், உள்ளே கீரையும் புளிப்புச் சீஸும். நின்றுகொண்டே முழுதும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சால்வையைக் காணோம்.

மே 2, வியாழன்

சால்வை அடுமனையில்தான் இருந்தது. பாட்டி அதை மடித்து ஒரு காகிதப் பையில் போட்டு வைத்திருந்தார். பைக்குள் முறுக்கிய கயிறு மாதிரி நாலு பிஸ்கட்டும் இருந்தன. குலுராக்கி என்று பெயராம். காசு எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். "வெண்ணெய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பிட வேண்டும்" என்று இரண்டு முறை சொன்னார். நான் நோன்பில்லை என்று நேற்றே சொல்லியும் அவருக்கு அது பொருட்டில்லை. சரி என்று தலையாட்டினேன்.

இன்றைக்கு முட்டைக்குச் சாயம் போடும் நாள். கடையின் பின்பக்கம் தட்டுத் தட்டாகச் சிவப்பு முட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. குங்குமச் சிவப்பு இல்லை, மருதாணி நன்றாகப் பிடித்தால் வரும் அடர்சிவப்பு.

அங்கிருந்து மேற்கே நடந்து டான் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் பெரிய பாலத்துக்குப் போனேன். காற்று காதைக் கிழித்தது. இந்தப் பாலம் வருவதற்கு முன் டான்ஃபோர்த் நகரத்துக்கு வெளியே இருந்த பகுதி மாதிரிதான், தோட்டங்களும் செங்கல் சூளைகளும். 1918 அக்டோபரில் பாலம் திறந்ததும்தான் கிழக்குக் கரை ஊரோடு ஒட்டியது. என்றைக்காவது ரயில் வரும் என்று அன்றே யோசித்துக் கீழே ஒரு தளம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரயில் வந்தது 1966 பிப்ரவரியில். நாற்பத்தேழு வருடம் அந்தத் தளம் காத்துக்கிடந்திருக்கிறது.

அதே 1918ல், பாலம் திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது, ஆகஸ்டில் ஒரு காரியம் நடந்தது. கிளம்பும் முன் படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. அப்போது கிரேக்கர்கள் இருந்தது நகரின் நடுவில், யங் தெருவிலும் சுற்றுப்புறத்திலும். பலர் சின்னச் சின்ன உணவகங்கள் நடத்தினார்கள். அப்படி ஒன்றில், போரில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய் ஒருவருக்கும் பணியாளுக்கும் வாய்த்தகராறு. சிப்பாயைக் கடையிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. அடுத்த நாள் திரும்பிவந்த சிப்பாய்களும் அவர்களோடு சேர்ந்துகொண்ட ஆயிரக்கணக்கானவர்களும் கிரேக்கர் கடைகளாகப் பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். சுமார் இருபது கடைகள். கண்ணாடி, நாற்காலி, பண்டபாத்திரம் எல்லாம் தெருவுக்கு வந்தன. கடைசியில் ராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. கிரேக்க நாடு 1917 வரை போரில் சேரவில்லை என்பதுதான் இவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். கனடா ராணுவத்திலேயே கிரேக்கர்கள் இருந்தார்கள் என்பது அந்தக் கூட்டத்தின் காதில் ஏறவில்லை.

முதலில் தாக்கப்பட்ட கடையின் பெயர் ஒயிட் சிட்டி, வெள்ளை நகரம். பெயரைக்கூட ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தார்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

பசி முற்றி ஒரு உணவகத்தில் உட்கார்ந்தேன். கோழி சூவ்லாக்கி, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட கறி. கூட எலுமிச்சை பிழிந்து அவித்த உருளைக்கிழங்கு, சோறு, சாலட். பட்டியலில் 24 டாலர். வரி 13 சதவீதம் சேர்ந்து 27 டாலர் 12 சென்ட். அப்புறம் அட்டை இயந்திரம் டிப்ஸ் கேட்டது. குறைந்த தேர்வே 18 சதவீதம். வேறு தொகை போட வழி இருக்கிறதா என்று தேடுவதற்குள் பணியாள் தலைக்கு மேல் நின்றுவிட்டதால் அழுத்திவிட்டேன். 32 டாலர், கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய். உருளைக்கிழங்கு மட்டும் அந்தக் காசுக்குத் தகும். எலுமிச்சைச் சாறு உள்ளே வரை ஊறி, வாயில் வைத்தால் கரைகிறது.

பக்கத்துச் சந்தில் ஒரு காபிக் கடை. உள்ளே ஆறேழு முதியவர்கள், எல்லாரும் ஆண்கள். தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்தும் தவ்லி ஆட்டம், பலகையில் காயை அடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. தயங்கி நின்றேன். ஒருவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்க்கரை அளவைத்தான் முதலில் கேட்கிறார்கள். 'மெத்ரியோ' என்றால் நடுத்தரம். சின்னக் கோப்பையில் நுரையோடு வந்தது, அடியில் விரல் கனத்துக்கு வண்டல். நாற்காலி போட்டவர் 1969ல் வந்தவர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கிரேக்கத்தின் உள்நாட்டுப் போர் 1949ல் ஓய்ந்த பிறகு அவருடைய பெரியப்பா வந்திருக்கிறார். 1967ல் ஏதென்ஸில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இவர்.

"அப்போது இந்தத் தெருவில் ஆங்கிலம் தெரியாமலே வாழலாம். டாக்டர், வக்கீல், சவரக்கடை, சினிமா எல்லாம் கிரேக்கத்தில். அதோ அந்தப் பெரிய அரங்கத்தில் கிரேக்கப் படம் ஓடும்."

அவர் கை காட்டியது 1919ல் திறந்த அரங்கம். இப்போது அங்கே ராக் கச்சேரிகள் நடக்கின்றன. ராணுவ ஆட்சிக் காலத்தில் நாட்டை விட்டு வந்து இங்கே யார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஆந்த்ரேயாஸ் பாபந்த்ரேயூ பற்றியும் சொன்னார். 1981ல் அவர் கிரேக்கத்தின் பிரதமரானார். "எங்கள் கூட்டங்களில் பேசியிருக்கிறார், நான் கடைசி வரிசையில் நின்றேன்" என்றபோது முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மார்க்கம், மகன் வீட்டில். நகரத்துக்கு வெளியே வடக்கே, காரில் அரை மணிக்கு மேல் ஆகும். வாரத்தில் நாலு நாள் தவ்லி ஆட வருகிறார். எழுபதுகளில் வாங்கிய வீட்டை விற்றாயிற்று. அதுபோல் ஒரு வீடு இன்று பத்து லட்சம் டாலருக்குக் குறைந்து கிடைக்காது. "எங்கள் பேரப்பிள்ளைகளாலேயே வாங்க முடியாது" என்றார். காபிக்குக் காசு கொடுக்க விடவில்லை. புதிதாக வந்தவர் காசு கொடுத்தால் அது அந்த மேசைக்கே அவமானமாம்.

இரவு அண்ணையிடம் 1918 கதையைச் சொன்னேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"முதலாளி ஒருநாளும் சொல்லேல்லை. அவருக்கும் தெரியாதோ என்னவோ. எங்களுக்கு எண்பத்து மூண்டு. கொழும்பில எங்கட மாமாவின்ர கடையையும் பேரைப் பாத்துத்தான் எரிச்சவங்கள்."

மே 3, வெள்ளி

வெள்ளிக்கிழமை எனக்கு எப்போதும் சைவம். கிரேக்கர்களுக்கும் இன்று அப்படித்தான், இன்னும் கடுமையாக. அவர்கள் மொழியில் இந்த நாளுக்குப் பெயர் 'மெகாலி பரஸ்கெவி'. சொல்லுக்குச் சொல் பெரிய வெள்ளிதான்.

காலையிலேயே டான்லாண்ட்ஸ் அவென்யூவில் உள்ள கோயிலுக்குப் போனேன். கோயில் என்றே எழுதுகிறேன், உள்ளே நுழைந்ததும் சாம்பிராணி வாசனை. ஆண்கள் குறைவு, பெண்கள் கூட்டம். நடுவில் செதுக்கு வேலை செய்த மரப்பல்லக்கு ஒன்று, தூண்களும் கூரையுமாக. அதற்குப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. எபிதாஃபியோஸ் என்கிறார்கள், கிறிஸ்துவின் பாடை. இரவு அதைத் தெருவில் எடுத்துப் போவார்கள்.

வாசலோரம் ஒதுங்கி நின்றேன். கறுப்பு உடுத்திய ஒரு பாட்டி என் கையில் கார்னேஷன் பூக்களைக் கொத்தாகத் திணித்து, காம்பை எவ்வளவு நறுக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். அவர்கள் பூவை ஊசியாலும் மெல்லிய கம்பியாலும் குத்துகிறார்கள். நான் அரை மணி நேரம் காம்பு நறுக்கினேன். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. மேசையில் கிடந்த நூலை எடுத்து, எதிரும் புதிருமாகப் பூ வைத்து, மதுரையில் மல்லிகை கட்டுவது போல ஒரு முழம் கட்டிக் காட்டினேன். கார்னேஷன் கனமான பூ, மல்லிகை மாதிரி நெருக்கமாக வராது. ஆனாலும் பாட்டி அதை வாங்கி இரண்டு கையாலும் நீட்டிப் பார்த்தார். முடிச்சு எங்கே என்று தேடினார். திரும்பவும் கட்டச் சொன்னார், மெதுவாக. மூன்றாவது முறை அவரே விரலில் நூலைச் சுற்றினார். கடைசியில் என் முழத்தைப் பல்லக்கின் பின்பக்கத் தூணில், கீழே, மற்றப் பூக்களோடு சேர்த்துக் கட்டினார்.

மற்றவர்கள் அவரை 'யாயா' என்று கூப்பிட்டார்கள். பாட்டி என்று அர்த்தம். நம் பழந்தமிழில் யாய் என்றால் என் தாய். இதற்கும் அதற்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சங்கப் பாடல்களில் யவனர் என்று பேர் சொல்லி வைத்திருக்கிறோமே, மிளகு வாங்க மரக்கலம் ஏறி வந்தவர்கள், அவர்கள் வழிவந்த ஒரு பாட்டியை அப்படிக் கூப்பிட எனக்கு நன்றாக இருந்தது. நானும் யாயா என்றுதான் கூப்பிட்டேன்.

மதியம் வெளியே வந்தால் தெரு முனையில் வேறு கூட்டம். டான்லாண்ட்ஸும் டான்ஃபோர்த்தும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ஜும்ஆ தொழுகை முடிந்து நடைபாதை நிறைய ஆட்கள், குர்தாவும் தொப்பியுமாக. கறுப்பு உடையில் கோயிலுக்குப் போகும் கிரேக்கக் கிழவிகள் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தார்கள், அவர்களும் வழி விட்டார்கள். ஒருவரையொருவர் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பழக்கம்.

சாப்பாடு ஒரு சின்ன உணவகத்தில், நோன்புப் பதார்த்தங்கள் மட்டும். ஃபாவா என்று ஒன்று வந்தது. மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்துக் கடைந்து, மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். நம் பருப்புக் கடையலேதான். பச்சை மிளகாயும் தாளிப்பும் இல்லை, அவ்வளவே வித்தியாசம். அவித்த கீரையில் எலுமிச்சை, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, திராட்சை இலையில் சுருட்டிய சோறு. இரண்டு பேர் சாப்பிடலாம், 21 டாலர். இந்த மூன்று நாளில் சாப்பிட்டதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இரவு ஊர்வலத்துக்கு அண்ணையும் வந்தார், சமையலறையை விட்ட பிறகு முதல் தடவையாம். எட்டரைக்கு மேல் இருட்டிவிட்டது, குளிர் எலும்புக்குள் போனது. தங்கையின் நல்ல கோட்டைப் போட்டிருந்தேன். ஆளுக்கொரு பழுப்பு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டோம். ஒன்பது மணிவாக்கில் மணி ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு அடித்தது. போலீஸார் வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். சிலுவை முன்னால், பின்னால் பாடகர்கள், அதற்கும் பின்னால் நாலு பக்கமும் தோள் கொடுத்து அந்தப் பல்லக்கு. காலையில் பார்த்த மரம் எங்குமே தெரியவில்லை, முழுக்கப் பூ.

எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர் என்று தெரியவில்லை. புதன்கிழமை நான் தேடிய கிரேக்கர்கள் எல்லாரும் அந்தத் தெருவில் இருந்தார்கள். மிசிசாகா, மார்க்கம், ஸ்கார்பரோ என்று எங்கெங்கோ குடிபோனவர்கள் காரை எங்கோ நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உணவகங்களில் விளக்கைக் குறைத்துவிட்டு, பணியாளர்கள் ஏப்ரனோடு வாசலில் வந்து நின்றார்கள். கஞ்சாக் கடைப் பையனும் வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"இந்தக் கடைதான்" என்று அண்ணை என் முழங்கையைத் தொட்டார். அவர் பதினாறு வருடம் வேலை செய்த உணவகம் அது. அந்தப் பையன் நின்றுகொண்டிருந்த வாசல்தான்.

கோயிலுக்குத் திரும்பியதும் பல்லக்கை வாசலில் உயரத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதன் அடியில் குனிந்துதான் எல்லாரும் உள்ளே போக வேண்டும். நானும் குனிந்து போனேன். பின்தூணில் என் பூ இருக்கிறதா என்று பார்க்க நினைத்து, தள்ளுமுள்ளில் முடியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் தங்கையின் கோட்டு முழுக்க மெழுகு. பக்கத்தில் நின்ற பெண், "கழுவாதே. காகிதம் வைத்து மேலே இஸ்திரி போடு, காகிதம் உறிஞ்சிக்கொள்ளும்" என்றார். வருடா வருடம் செய்கிறாராம்.

மே 4, சனி

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். நயாகரா இல்லை. கோட்டுக்கு இஸ்திரி போட்டேன், மெழுகு முழுதும் வந்துவிட்டது, கையில் மட்டும் ஒரு வட்டம் நிற்கிறது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, ஆறு வருஷமா இங்க இருக்கேன், டான்ஃபோர்த்துல ஒரு தடவை கூட நடந்ததில்ல" என்றாள். கிளம்பினோம்.

பேப்பில் தொடங்கிக் கிழக்கே விக்டோரியா பார்க் வரை, நாலைந்து கிலோமீட்டர். டான்லாண்ட்ஸ் தாண்டியதும் நீலமும் வெள்ளையும் குறைந்து, கிரீன்வுட் பக்கம் எத்தியோப்பிய உணவகங்கள் தொடங்குகின்றன. இஞ்செரா சாப்பிட்டோம், வட்டத் தட்டு முழுக்க விரித்த புளித்த மாவுத் தோசை, பஞ்சு மாதிரி. அதன் மேலேயே பருப்பும் முட்டைக்கோஸும் கீரையும் வைத்துத் தருகிறார்கள், பிய்த்துக் கையால் சாப்பிட வேண்டும். தங்கை அம்மாவின் ஆப்பத்தை நினைத்துக்கொண்டு இரண்டாவது தட்டு கேட்டாள். பரிமாறிய பெண் கூடுதல் இஞ்செராவுக்குக் காசு வாங்கவில்லை.

மெயின் தெரு தாண்டினால் வங்காள எழுத்து. ஹில்சா மீன், வெற்றிலை, ரசகுல்லா, புடவைக் கடை, பணம் அனுப்பும் கடை. பங்களாதேஷ்காரர்களின் இடம். ஒரே தெரு, ஒரே மாதிரிச் செங்கல் கட்டடம், எழுத்து மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. இன்னும் கிழக்கே ஸ்கார்பரோவுக்குள் போனால் தமிழ்ப் பலகைகள். 1799ல் இந்தப் பக்கம் சாலை போட ஒப்பந்தம் எடுத்த ஓர் அமெரிக்கரின் பெயர்தான் டான்ஃபோர்த். இந்தத் தெருவை அவர் போடவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கால் வலியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, இரவு பதினொன்றுக்குத் தங்கையை எழுப்பிக்கொண்டு திரும்ப வந்தேன். இன்று வெள்ளை மெழுகுவத்தி. நள்ளிரவுக்குச் சற்று முன் கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்தார்கள். தெருவில் நின்ற எங்களுக்குக் கறுப்பு வாசல் மட்டும் தெரிந்தது. அப்புறம் ஒரு சுடர். பாதிரியாரிடமிருந்து முன்வரிசைக்கு, அங்கிருந்து படிக்கட்டுக்கு, படிக்கட்டிலிருந்து தெருவுக்கு. எனக்குத் தீ கொடுத்தது ஏழெட்டு வயதுப் பையன், காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு அதில் மெழுகுவத்தியைச் செருகியிருந்தான். மணிகள் அடித்துத் தள்ளின. எல்லாரும் ஒரே பாட்டை, 'கிறிஸ்தோஸ் அனெஸ்தி', கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், திரும்பத் திரும்பப் பாடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் என் கன்னத்தில் முத்தமிட்டார்கள்.

அந்தச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், நிலைப்படியில் அதன் புகையால் சிலுவைக் குறி போட வேண்டும். அரை மணி நேரத்தில் டான்ஃபோர்த்தில் வரிசையாகக் கார்கள், உள்ளே மெழுகுவத்தியைக் கையால் மறைத்துப் பிடித்தபடி பாட்டிகள்.

பன்னிரண்டு தாண்டியதால் எனக்கும் ஞாயிறு. திறந்திருந்த ஓர் உணவகத்தில் மயிரித்சா என்ற சூப் குடித்தோம், 14 டாலர். ஆட்டுக் குடலும் ஈரலும் பொடியாக நறுக்கி, சதகுப்பைத் தழை போட்டு, முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றியது. மதுரைக் குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அது அன்னியமாகத் தெரியவில்லை. தங்கை பாதியில் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மே 5, ஞாயிறு

பத்து மணிக்கு எழுந்தோம். முதலில் அந்த நாலு குலுராக்கிகள். மூன்று நாள் பையில் கிடந்து ஒன்று உடைந்திருந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை, வெண்ணெய், மேலே எள். டீயில் நனைத்துச் சாப்பிட்டோம்.

மதியம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க கிரேக்கர், அண்ணையின் பழைய முதலாளியின் மகன். முதலாளி இறந்து சில வருடம் ஆகிறது, கட்டடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சிவப்பு முட்டையும், பின்னல் போட்ட இனிப்பு ரொட்டியும் வந்துவிடும். முதலாளி ஆரம்பித்தது, மகன் விடவில்லை. அண்ணையின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், பதிலுக்கு ஒரு டப்பா நிறைய மிதிவெடி கொடுத்தார், முட்டை வைத்த ரோல்ஸுக்கு யாழ்ப்பாணத்துக்காரர்கள் வைத்த பெயர். அதுவும் வருடா வருடம்தான் போலிருக்கிறது, அவர் டப்பாவைத் திறக்காமலே முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"எலா, எலா" என்று அண்ணை எங்களை மேலே கூப்பிட்டார். வா வா என்று அர்த்தம்.

ஆளுக்கொரு முட்டையைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் முட்டையோடு முட்ட வேண்டும். யார் முட்டை கடைசிவரை உடையவில்லையோ அவருக்கு அந்த வருடம் நல்லது. என்னுடையது முதல் அடியிலேயே போயிற்று. தங்கை, மாப்பிள்ளை, முதலாளி மகன், அக்கா எல்லாருடையதும் உடைந்து, அண்ணை கையில் ஒன்று மட்டும் மிஞ்சியது. முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், கீறல்கூட இல்லை.

ஒரு சிவப்பு முட்டையைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஈஸ்டர் வரை வைப்பது கிரேக்க வழக்கம் என்றார் மகன். அண்ணை சாமித்தட்டுப் பக்கம் திரும்பினார்.

"முருகனுக்குப் பக்கத்தில முட்டை வைக்காதேங்கோ" என்றார் அக்கா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

சரி என்று சமையலறை ஜன்னல் விளிம்பில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், போன வருடத்து முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தார்.